ஒரு சி.ஓ.டி அறிக்கை வாங்குவதற்குள்

திருத்திய சி.ஓ.டி அறிக்கை போன வாரம்தான் கைக்கு வந்தது. சி.ஓ.டி என்பது தண்ணீரில் உள்ள மாசை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்ற அளவு. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் ஆராய்ச்சி செய்கிறவர்கள், அதிலும் பெராக்சைடு சேர்த்து வேலை பார்க்கிறவர்கள், வெளி ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வேண்டாம்.

நான் பினாங்கில் முனைவர் பட்ட மாணவி. என் வினையூக்கி காப்பர் ஃபெர்ரைட். செம்பும் இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த கருந்தூள். ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்த்தால் அதை உடைத்து ஹைட்ராக்சில் ரேடிக்கல் என்ற வீரியமான துகளை உண்டாக்கும், அந்த ரேடிக்கல் சாய மூலக்கூறைச் சிதைக்கும். 1894-இல் ஃபென்டன் இரும்பு உப்பை வைத்துச் சொன்ன வினையின் வழித்தோன்றல் இது. இரும்பு உப்பைக் கரைத்துச் செய்தால் பி.எச் 3 பக்கமே நிற்க வேண்டும், முடிந்ததும் இரும்புச் சேறு மிஞ்சும். ஃபெர்ரைட் என்றால் காந்தத்தை வைத்து இழுத்து எடுத்துவிடலாம். தயாரிப்பு, படிக அமைப்பைப் பார்க்கும் எக்ஸ்.ஆர்.டி, எல்லாம் துறைக்குள்ளேயே முடிந்தது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை வைத்துச் செய்த சோதனையும் நன்றாகவே வந்தது. ஆனால் நிறம் போவது வேறு, தண்ணீர் சுத்தமாவது வேறு. மெத்திலீன் நீலம் ஒடுக்கம் அடைந்தாலே நிறமற்றதாகிவிடும், காற்றுப் பட்டால் மறுபடி நீலமாகும். அந்தச் சாயம் ஒளியை உறிஞ்சும் 664 நானோமீட்டர் உச்சி இறங்கியதை மட்டும் காட்டிவிட்டு, மாசு அழிந்தது என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. உண்மையான கழிவுநீரில் செய்து, சி.ஓ.டி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தேன். தெலுக் பாஹாங் பக்கம் மெழுகு வைத்துத் துணிக்குச் சாயமேற்றும் ஒரு சின்ன பாத்திக் பட்டறையில் அலசும் தண்ணீர் கொடுத்தார்கள். அங்கிருந்த பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) பாட்டில்களை நிரப்பித் தந்ததோடு, எந்த நாளில் எந்தச் சாயம் போட்டார் என்பதையும் எழுதிக் கொடுத்தார். இந்தக் கதையில் மறுபேச்சு இல்லாமல் உதவிய முதல் ஆள் அவர்தான்.

சி.ஓ.டி சோதனையை எங்கள் துறையில் மாணவர்கள் செய்ய அனுமதி இல்லை. டைகுரோமேட், கந்தக அமிலம், வெள்ளி சல்பேட், பாதரச சல்பேட் எல்லாம் ஒரே குழாயில், 150 பாகையில் 2 மணி நேரம். கழிவை அகற்றுவதே தனி வேலை. அனுமதி இல்லாதது நியாயம்தான். மேற்பார்வையாளரும் சாம் (மலேசிய ஆய்வக அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தின் முடிவுதான் வேண்டும் என்றார். கோலாலம்பூர் பக்கம் ஒன்று கிடைத்தது.

முதல் முட்டுக்கட்டை எஸ்.டி.எஸ். மாதிரியோடு பாதுகாப்புத் தரவுத்தாள் வேண்டும் என்று கவுன்டரில் இருந்தவர் மின்னஞ்சலில் கேட்டார். கழிவுநீருக்கு யார் தரவுத்தாள் போடுவார்கள்? அது கடையில் வாங்கிய பொருள் இல்லை என்று விளக்கினால், அதே வரி திரும்ப வந்தது. கடைசியில் எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணன்தான் வழி சொன்னார். "நீயே ஒரு பக்கம் எழுதும்மா. தண்ணீர் எங்கே எடுத்தது, என்னென்ன கலந்திருக்கும், பி.எச் என்ன, எப்படிக் கையாளணும். மேற்பார்வையாளர் கையெழுத்து, துறை முத்திரை, அவ்வளவுதான்." அனுப்பினேன், அன்றைக்கே ஏற்றுக்கொண்டார்கள். முத்திரை இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

அடுத்தது பயணம். மாதிரி கெடாமலிருக்க அதில் அமிலம் விட்டிருந்தேன். அப்படிப்பட்ட திரவத்தைக் கூரியர் எடுக்கவில்லை. ஐஸ் பெட்டியை அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டு பாலம் கடந்து தெற்கே போனோம். போய்ச் சேர்ந்தது வெள்ளிக்கிழமை நண்பகல். தொழுகை நேரமான 12.15-இலிருந்து 2.45 வரை காத்திருக்கலாம் என்றுதான் கிளம்பினோம். ஆனால் வெள்ளிக்கிழமை மாதிரி வாங்குவது காலையோடு முடிந்துவிடும் என்று கதவில் ஒட்டியிருந்தார்கள். படிவத்தில் அது இல்லை, தொலைபேசியில் கேட்டபோதும் யாரும் சொல்லவில்லை. கிள்ளானில் சின்னம்மா வீட்டில் திங்கள் வரை தங்க வேண்டியதாயிற்று. ஐஸ் மாற்றிக்கொண்டே இருந்தோம். "உள்ளே என்னம்மா, மீனா?" என்று கேட்ட சின்னம்மா, சாயத்தண்ணீர் என்று தெரிந்ததும் ஐஸ் வாங்க அவரே கடைக்குப் போய்வந்தார்.

இதெல்லாம் அலைச்சல், அவ்வளவுதான். வயிறு எரிந்தது அறிக்கை வந்தபோது. சுத்திகரித்த நீரின் சி.ஓ.டி, சுத்திகரிக்காத நீரைவிட அதிகம் என்று போட்டிருந்தது. நிறம் போய்த் தெளிந்த தண்ணீர் அது!

பெராக்சைடு மிச்சமிருந்தால் இப்படி வரும் என்பது தெரிந்த விஷயம். டைகுரோமேட் அதையும் ஆக்சிஜனேற்றும். கணக்குப்படி 1 மில்லிகிராம் பெராக்சைடு 0.47 மில்லிகிராம் சி.ஓ.டி காட்டும். அதனால்தான் நான் முன்கூட்டியே மாங்கனீசு டைஆக்சைடு போட்டுப் பெராக்சைடை உடைத்து, சோதனைப் பட்டையில் சுழியம் வந்த பிறகு வடிகட்டி, அதற்கப்புறமே கந்தக அமிலம் விட்டு பி.எச்சை 2-க்குக் கீழ் இறக்கினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். அமிலத்தில் பெராக்சைடு இன்னும் உறுதியாக உட்கார்ந்துகொள்ளும். மாங்கனீசு டைஆக்சைடை வடிகட்டாமல் அமிலம் விட்டால் அது பெராக்சைடோடு சேர்ந்து கரைந்துவிடும். 'பெராக்சைடு நீக்கப்பட்டது, எதுவும் சேர்க்க வேண்டாம்' என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியும் இருந்தேன்.

அப்படியானால் எங்கே தவறு? தொலைபேசியில் பேசியவர் "எங்கள் நடைமுறைப்படிதான் செய்தோம்" என்பதைத் தவிர வேறு வார்த்தை பேசவில்லை. உங்கள் வினையூக்கியைச் சரி பாருங்கள் என்று அறிவுரையும் சொன்னார். நான் விடவில்லை. அந்த மாதிரிக்கான வேலைத்தாளின் நகலைக் கேட்டு எழுதினேன், ஆய்வகத்தின் அதிகாரிக்கும் எழுதினேன். தைப்பூசம், சீனப் புத்தாண்டு என்று விடுமுறைகள் அடுத்தடுத்து வந்தன. அமிலம் விட்டுக் குளிரில் வைத்த மாதிரி சி.ஓ.டிக்கு 28 நாள்தான் தாங்கும். ஒவ்வொரு விடுமுறையும் அந்தக் கணக்கில் கழிந்துகொண்டிருந்தது.

கடைசியில் அங்கிருந்த வேதியியலாளர் ஒருவர், தமிழர்தான், திரும்ப அழைத்தார். "தாளை எடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுறேன் தங்கச்சி" என்று சொன்னவர், சொன்னபடியே செய்தார். கவுன்டரில் படிவத்தைக் கணினியில் ஏற்றியவர், 'ஆக்சிஜனேற்றி உண்டா' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று போட்டிருக்கிறார். அதைப் பார்த்த பணியாளர், குளோரின் கலந்த நீருக்குச் செய்வதுபோல் சோடியம் தயோசல்பேட்டை அள்ளிப் போட்டிருக்கிறார். தயோசல்பேட் ஒரு ஒடுக்கி. டைகுரோமேட் அதையும் விடாது. படிகநீர் உள்ள உப்பில் 1 கிராம் போட்டால் ஏறக்குறைய 0.26 கிராம் சி.ஓ.டி ஏறும். அளவிட்டது என் கழிவுநீரை இல்லை, அவர்கள் போட்ட உப்பை!

வாயால் சொன்னால் போதாது என்று, அதே அளவு தயோசல்பேட்டைக் காய்ச்சி வடித்த நீரில் போட்டு ஒரு வெற்றுச் சோதனை செய்யும்படி கேட்டேன். அந்த வேதியியலாளர் அக்கா செய்தார். ஏறியிருந்த வித்தியாசம் அப்படியே வெறும் தண்ணீரிலும் வந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லி முடியாது. என் தூள் வேலை செய்கிறது.

அதற்குப் பிறகும் கவுன்டர் மறுசோதனைக்கு இரண்டாவது கட்டணம் கேட்டது. புதுக் கட்டணம் என்றால் புது விலைப்பட்டியல், எங்கள் பெண்டஹாரியிடம் (பல்கலைக்கழக நிதிப் பிரிவு) புது எல்.ஓ, அதாவது கொள்முதல் ஆணை. அதற்குள் 28 நாள் போயே போய்விடும். வெற்றுச் சோதனை முடிவை இணைத்து, தவறு உங்களுடையது, கட்டணம் தர முடியாது என்று எழுதினேன். தள்ளுபடி செய்தார்கள். அவர்களிடம் இருந்த பாட்டிலில் உப்பு கலந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாதிரிக்கும் இரட்டைப் பாட்டில் எங்கள் குளிரறையில் வைத்திருந்தேன். கெடு முடிவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று, இந்த முறை செவ்வாய்க்கிழமை காலையில். இரட்டைப் பாட்டில் இல்லையென்றால் பட்டறைக்குப் போய் முதலிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். அதே சாயம், அதே தண்ணீர் எங்கே கிடைக்கும்?

அனுப்புகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். தயோசல்பேட்டோ சல்பைட்டோ போட வேண்டாம் என்று பெயர் சொல்லியே எழுதுங்கள், 'எதுவும் சேர்க்க வேண்டாம்' என்ற பொதுவான வரியை யாரும் படிப்பதில்லை. கணினியில் ஏற்றிய படிவத்தின் அச்சுப்படியைக் கவுன்டரிலேயே வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலைத்தாள் நகல் வேண்டும் என்பதை விலைப்பட்டியல் கட்டத்திலேயே கேட்டு வையுங்கள்.

திருத்திய அறிக்கையில் சி.ஓ.டி நன்றாக இறங்கியிருக்கிறது. நிறமும் மலேசியாவின் 2009 தொழிற்கழிவுநீர் விதிகளின் ஏ தர வரம்பான 100 ஏ.டி.எம்.ஐக்குள் (நிறத்தை அளக்கும் அலகு) வந்துவிட்டது. செம்புதான் இடிக்கிறது. தூளிலிருந்து கொஞ்சம் கசிகிறது, பி தரத்தின் 1.0 மி.கி./லி. வரம்புக்குள் இருக்கிறது, ஏ தரத்தின் 0.20-ஐத் தாண்டுகிறது. குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேல்புறம் விடும் நீருக்கு ஏ தரம்தான் என்பதால் இதை அப்படியே விட முடியாது. சுடும் வெப்பநிலையை மாற்றி அடுத்த தொகுதியை நேற்று உலையில் வைத்திருக்கிறேன்.