பிளக் முனையில மினுக்குன பொட்டு

காலைல போட் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தா, பீங்கான் மேல தூள் உப்பு தூவுன மாதிரி வெள்ளியா சின்னச் சின்னப் பொட்டு.

விரலால தேச்சுப் பார்த்தேன். போகல. அலுமினியம்ங்க. பிஸ்டன் உருகித் தெறிச்சிருக்கு.

தப்பு என்னுதுதான். ஹெச்பி கூடணும்னு சிலிண்டரை மேல மூடுற ஹெட்டைச் சீவி கம்ப்ரஷனை, அதாவது உள்ள பெட்ரோல்-காத்துக் கலவை அமுங்குற அளவை, ஏத்துனேன், பெட்ரோலையும் இக்னிஷன் டைமிங்கையும் (பிளக் பொறி விடுற நேரம்) பழையபடியே விட்டுட்டேன். கார்னா கொஞ்ச நேரம் மிதிப்போம் அப்புறம் காலை எடுத்துருவோம், போட்டுக்கு அந்த ரெஸ்ட்டே கிடையாது, தண்ணி இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இருக்கும், நாள் முழுக்க மலை ஏறுற லாரி மாதிரிதான், அதுல டெட்டனேஷன், அதாவது கலவை சீரா எரியாம தானா வெடிக்கிறது, ஆரம்பிச்சா பிஸ்டன் தலையில ஓட்டை விழ ரொம்ப நேரம் ஆகாது. நல்லவேளை, ஓட்டை விழல.

இதுல கொடுமை என்னன்னா, தண்ணி மேல எழும்பி ஓடுற போட்ல எடை மாறாம பவரை ரெண்டு மடங்காக்குனாலும் வேகம் சுமாரா 40 சதவீதம்தான் கூடும். 10 சதவீதம் ஏத்துனா 5 கூட முழுசா வராது.

அந்த 5க்குத்தான் இந்தப் பாடு!

ப்ரொப்பெல்லர் பிட்ச்சை (ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால போகும்ங்கிற கணக்கு) முதல்ல மாத்திப் பார்த்திருக்கலாம். இனி பிஸ்டன், ரிங், கேஸ்கெட் எல்லாம் புதுசு, சிலிண்டர் உள்பக்கத்தைத் தேச்சு ஹோனிங் வேற பண்ணணும்.

பிளக்கை மட்டும் தூக்கிப் போடல. டூல் பாக்ஸ்லயே கிடக்கு.