தேஞ்சுபோன எழுத்து

மார்ச் 3
அப்பாவோட டெஸ்ட் ரிசல்ட் இன்னிக்கு வந்துடும்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க, இப்ப வியாழன்ங்கறாங்க. உள்ள விட நாலு மணி ஆகும், அதுவரைக்கும் அந்த பெஞ்சுல உக்கார முடியல, எதிர்ல இருக்கற பழைய சாமான் கடைக்குள்ள போயிட்டேன். ஸ்பூனும் ஃபோர்க்குமா ஒரு டப்பால கொட்டி வச்சிருக்காங்க, வெள்ளி ஏதாவது இருக்கான்னு ஒவ்வொண்ணா திருப்பித் திருப்பிப் பாத்தேன். எல்லாம் எவர்சில்வர்.

மார்ச் 4
நேத்து எழுதினது தப்பு. நாலு பிளேட்டிங் இருக்கு. பின்னாடி ஈ.பி.என்.எஸ்.னு பொடி எழுத்து, அப்படின்னா நிக்கல் சில்வர் மேல கரண்ட் வச்சு ஏத்தின வெள்ளிப்பூச்சு. நிக்கல் சில்வர்ல வெள்ளி பொட்டு கூட கிடையாது, செம்பு நிக்கல் துத்தநாகம் அவ்ளோதான், பேர் வச்சவன் கில்லாடி. ஸ்பூனோட முதுகுல, மேஜைல படற அந்த உருண்ட இடத்துல மட்டும் பூச்சு போயி லேசா மஞ்சள் தெரியுது. இனிமே முதல்ல அங்கதான் பாக்கணும்.

மார்ச் 5
அப்பா தூங்கிட்டே இருந்தார்.

மார்ச் 6
வரல. லேப்ல இன்னொரு தடவை பாக்கறாங்களாம். ஏன் இன்னொரு தடவைன்னு அக்கா கேட்டா, அந்தம்மா கம்ப்யூட்டரையே பாத்துட்டு இருந்தாங்க.

கடைல ஒருத்தர் ஒரு ஃபோர்க்க தூக்கிக் காட்டி 1847ல செஞ்சதுங்கன்னார், ஆளு அவ்ளோ சந்தோஷமா இருந்தார். 1847 ரோஜர்ஸ் பிரதர்ஸ்ங்கறது பிராண்ட் பேருங்க, வருஷம் இல்ல, அதுவும் பிளேட்டிங்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. இன்னிக்கு யார் சந்தோஷத்தையும் கெடுக்கற தெம்பு இல்ல.

மார்ச் 7
கிடைச்சுடுச்சு!!

டப்பாவோட அடில, கன்னங்கரேல்னு, சர்க்கரைக் கட்டி எடுக்கற இடுக்கி. ரெண்டு பக்கமும் நுனி சின்ன கிளிஞ்சல் மாதிரி. காலுக்கு உள்பக்கம் லென்ஸ் வச்சுப் பாத்தா நடந்து போற சிங்கம், பக்கத்துல நங்கூரம், அப்புறம் ஒரு எழுத்து. சிங்கம்னா ஸ்டெர்லிங், 1000ல 925 பங்கு வெள்ளி, இங்கிலாந்துல 1544லேர்ந்து அடிக்கற முத்திரை. நங்கூரம்னா பர்மிங்காம்ல சோதிச்சதுன்னு அடையாளம், கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம். ராஜா தலையோ ராணி தலையோ இல்ல, வெள்ளிக்கு வரி கட்டின அடையாளமா 1784லேர்ந்து 1890 வரைக்கும் அந்தத் தலைய அடிச்சாங்க, அதனால இது அனேகமா அதுக்கப்புறம் செஞ்சதாத்தான் இருக்கும். எந்த வருஷம்ங்கறத அந்த எழுத்துதான் சொல்லணும், அதுதான் தேஞ்சுபோச்சு. இ-யா சி-யா தெரியல.

கடைக்காரப் பையன் எவர்சில்வர் விலைக்கே குடுத்துட்டான். கை நடுங்கிச்சு எனக்கு.

மார்ச் 8
நம்பிக்கை இல்ல. முத்திரையையே போலியா அடிக்கறவங்க உண்டு. மேக்னெட் ஒட்டல, ஆனா பித்தளையும்தான் ஒட்டாது. ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் எடை பாக்கற ஸ்கேல எடுத்தேன். 41.4 கிராம். அப்புறம் ஒரு கிளாஸ் தண்ணிய ஸ்கேல் மேல வச்சு பூஜ்யமாக்கிட்டு, இடுக்கிய நூல்ல கட்டி, கிளாஸத் தொடாம முழுசா முங்கற மாதிரி தொங்கவிட்டேன். 4.0 காட்டுச்சு, இடுக்கி தள்ளின தண்ணியோட எடை அது. வகுத்தா 10.35, தண்ணிய விட அத்தனை மடங்கு கனம். ஸ்டெர்லிங் 10.3, 10.4 கிட்ட வரணும், நிக்கல் சில்வர்னா 8.7 பக்கம் நின்னிருக்கும். மூணு தடவை பண்ணேன். மூணு தடவையும் அதே.

சரியா இருக்கறது ஒண்ணாவது இருக்கே.

மார்ச் 9
சி-யாத்தான் இருக்கும்.

மார்ச் 10
புத்தி கெட்டவன் நான். அலுமினியம் ஃபாயில், சோடா உப்பு, கொதிக்கற தண்ணி. அழுகின முட்டை நாத்தம் அடிச்சுது, கறுப்பு முழுக்கப் போச்சு. அதோட கிளிஞ்சல் கோட்டுக்குள்ள நூறு வருஷமா படிஞ்சிருந்த நிழலும் போச்சு, இப்ப நேத்து செஞ்ச பொம்மை சாமான் மாதிரி பல்லக் காட்டுது. மெத்துனு ஒரு துணியால மேலோட்டமா துடைச்சிருந்தா போதும். வெறும் வெள்ளி எடைக்கு மேல இதுக்கு ஏதாவது மதிப்பு இருந்துச்சுன்னா அது அந்த நிழல்லதான் இருந்துச்சு. தெரிஞ்சேதான் பண்ணேன், சும்மா இருக்க முடியல, கை எதையாவது பண்ணிட்டே இருக்கணும்ங்குது.

அக்கா போன் பண்ணா. எடுக்கல.

மார்ச் 11
அந்தக் காலத்துல செஞ்சவன் சொன்னா போதாது, சம்பந்தமில்லாத ஒருத்தன் கொஞ்சம் சுரண்டி எடுத்து சோதிச்சுப் பாத்து சரின்னாத்தான் சிங்கம் அடிப்பாங்க. தேறலேன்னா உடைச்சே போட்டுடுவாங்களாம். ரிசல்ட் வர்ற வரைக்கும் செஞ்சவன் எங்க உக்காந்திருப்பான்?

மார்ச் 12
அப்பா முழிச்சிட்டிருந்தார். இடுக்கிய குடுத்தேன், உள்ளங்கைல வச்சு லேசா தூக்கிப் பாத்தார், "கனம் இருக்குடா"ன்னார். லென்ஸ வாங்கி ரொம்ப நேரம் பாத்தார். "இது இ-யும் இல்ல சி-யும் இல்ல, ஓ-டா, ஒரு பக்கம் தேஞ்சிருக்கு." நான் வாங்கிப் பாத்தேன். ஓ மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. திரும்பக் குடுன்னு கை நீட்டினார், நர்ஸ் வர்ற வரைக்கும் தரல.

மார்ச் 13
நாளைக்கு காலைல பத்து மணிக்கு வரச் சொல்லிருக்காங்க. தனியா வர வேண்டாம், ரெண்டு பேரா வாங்கன்னாங்களாம். லென்ஸ எங்க வச்சேன்னு தெரியல, பையெல்லாம் கொட்டிப் பாத்துட்டேன், அவர் கட்டில்லயே விட்டுட்டு வந்துட்டேனோ என்னவோ.