கடையில் பேர் சொல்லிக் கேட்கிறார்களா?

லேபிள் டிசைன் செய்து பிழைக்கிறவன் நான். மசாலாத் தூள், சத்துமாவு, செக்கு எண்ணெய், ஊறுகாய் என்று வீட்டிலோ வாடகைக்குப் பிடித்த சின்ன ஷெட்டிலோ தொழில் ஆரம்பிக்கிறவர்கள்தான் பெரும்பாலும் என்னிடம் வருகிறார்கள். வந்து உட்கார்ந்ததும் முதல் பேச்சு, "நல்ல பிராண்டா கொண்டு வரணுங்க." பிராண்டு என்றால் அவர்கள் மனதில் இருப்பது ஒரு லோகோ, ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம், முடிந்தால் யாராவது சீரியல் நடிகை பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு ரீல். லோகோவுக்குக் காசு வாங்குகிற நானே அது அவசரமில்லை என்று சொல்வது என் பிழைப்புக்கு நானே வைக்கும் வேட்டுதான், இருந்தாலும் சொல்கிறேன், லோகோ அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் உங்கள் ஏரியா மளிகைக் கடையில் சாயங்காலம் ஒரு மணி நேரம் சும்மா நின்று, வருகிறவர்கள் எப்படிக் கேட்கிறார்கள் என்று காதுகொடுத்துக் கேளுங்கள்.

"துவரம்பருப்பு அரைக் கிலோ, கடுகு நூறு, ஹமாம் ஒண்ணு, மிளகாய்த் தூள் ஒரு பாக்கெட்." இதில் சோப்புக்கு மட்டும்தான் பேர் இருக்கிறது, பருப்புக்கும் கடுகுக்கும் இல்லை, மிளகாய்த் தூளுக்கும் இல்லை. பேர் சொல்லிக் கேட்ட பொருளைக் கடைக்காரர் எடுத்துத்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஆள் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பேர் சொல்லாத பொருளுக்கு அவர் கை தானாக எங்கே போகும் தெரியுமா? எந்தப் பாக்கெட்டில் அவருக்கு மார்ஜின் அதிகமோ, கடை கடையாகச் சரக்கு போட வரும் எந்த லைன் ஆள் நாளைக்கு வந்து பழைய சரக்கைத் திருப்பி எடுக்கப் போவதில்லையோ, அங்கே போகும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவரும் வியாபாரம்தான் செய்கிறார். ஆனால் நீங்கள் அந்தக் கை போகும் இடத்தை நம்பிப் பிழைக்கிற வரைக்கும் உங்களிடம் இருப்பது சரக்கு மட்டும்தான், பிராண்டு இல்லை. வருஷா வருஷம் அவர் கேட்கிற கூடுதல் மார்ஜினைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதை எனக்குத் தெரிந்து நம் ஊரில் ரொம்ப அழகாக உடைத்துக் காட்டியது சிக் ஷாம்பு. கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று முதலில் செய்து பார்த்தவர்களில் ஒருவர், வெல்வெட் ஷாம்பு அவர் குடும்பத்தோடது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் அண்ணன் தம்பிகளோடு ஒத்துப்போகாமல் தனியாக வந்து, 1983-ல் கையில் இருந்த 15,000 ரூபாயைப் போட்டு ஆரம்பித்ததுதான் சிக். அப்பா பேரின் ஆங்கில எழுத்துகளில் இருந்து எடுத்த பேர். பின்னால் அந்தக் கம்பெனிதான் கெவின்கேர் ஆனது. பாக்கெட் ஷாம்பு ஏற்கெனவே கடையில் சரம் சரமாகத் தொங்கிக்கொண்டிருந்த காலம், சொந்தக் குடும்பத்து வெல்வெட்டே பெரிய பேராக இருந்தது. பேர் தெரியாத இன்னொரு சரத்தைக் கடைக்காரர் எதற்குத் தொங்கவிட வேண்டும்?

அவர் ஒரு ஸ்கீம் போட்டார். எந்தக் கம்பெனி ஷாம்புவாக இருந்தாலும் சரி, ஐந்து காலிப் பாக்கெட் கொண்டுவந்து கொடுத்தால் ஒரு சிக் இலவசம். கொஞ்ச நாள் கழித்து அதை மாற்றினார், ஐந்து காலி சிக் பாக்கெட்டுக்குத்தான் ஒரு சிக். மாதம் 35,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தது 12 லட்சம் ரூபாய்க்குப் போனதாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அப்புறம் மல்லிகை, ரோஜா வாசனை வந்தது, நடிகை அமலாவை வைத்து விளம்பரம் வந்தது, ஊர் ஊராகப் போய் பையன்களுக்குத் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டியதும் உண்டு, எல்லாம் நடந்தது.

பொதுவாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் "இலவசம் கொடுத்தால் விற்கும்" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இலவசம் கொடுத்து மூடிப்போன கம்பெனிகள் எத்தனையோ. இரண்டாவது ஸ்கீமைக் கவனியுங்கள். காலிப் பாக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்கிற பெண் கடையில் என்ன சொல்லியாக வேண்டும்? "சிக் குடுங்க." வெறும் ஷாம்பு குடுங்க என்று சொன்னால் ஆறாவது பாக்கெட் கிடைக்காது. ஐந்து தடவை வாய்விட்டுப் பேர் சொல்லி வாங்கியவருக்கு ஆறாவது தடவையும் அதுதான் வாயில் வரும். கடைக்காரருக்கும் வேறு வழி இல்லை, சரம் தீர்ந்தால் அவரே ஏஜென்சிக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். விளம்பரம் டிவியில் ஓடுவதற்கு முன்னாலேயே பேர் கடை வாசலில் புழங்க ஆரம்பித்துவிட்டது. முதல் ஸ்கீமில் மற்றவன் பாக்கெட்டையும் வாங்கியது அடுத்தவன் வாடிக்கையாளரை ஒரு தடவை முயற்சி செய்ய வைக்க, இரண்டாவது நிலைத்து நிற்க. வரிசை மாறியிருந்தால் இரண்டுமே பலித்திருக்காது என்று நினைக்கிறேன்.

சரி, ஐந்துக்கு ஒன்று கொடுக்க உங்களிடம் காசு இல்லை. பேரையாவது சொல்லக்கூடிய பேராக வைக்கலாம் இல்லையா. என்னிடம் வரும் பேர்களில் பாதிக்கு மேல் பாரம்பரியம், இயற்கை, பாட்டி, நாட்டு, மண் இவற்றைப் பலவிதமாகக் குலுக்கிப் போட்டவை. மீதி இங்கிலீஷ். நேச்சுரல், ப்யூர், ஆர்கானிக், ஹெர்பல். வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் ஒரு கடையில் எண்ணெய் அடுக்கைப் பார்த்தால் அதில் "பாரம்பரிய மரச்செக்கு" என்று நாலைந்து பேருடைய பாட்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நன்றாக இருந்தது என்று திரும்ப வாங்க வருகிற அம்மா எதைச் சொல்லிக் கேட்பார்? "போன தடவை வாங்கினேனே, அந்த மாடு போட்ட பாட்டில்." எல்லாப் பாட்டிலிலும் மாடு இருக்கிறது.

பேரை எழுதிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பத்து வயதுப் பையனிடம் ஒரு தடவை சொல்லி, கடைக்குப் போய் வாங்கி வா என்று அனுப்பிப் பாருங்கள். சரியாகச் சொல்லி வாங்கி வந்தான் என்றால் அது பேர். கடைக்குப் போகிற வழியில் மறந்துவிட்டான் என்றால், நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்தைக் கூட்டிப் போட்டதெல்லாம் வீண். இந்த நியூமராலஜி விஷயத்தில் நான் யாரோடும் சண்டை போடுவதில்லை, ஆனால் இரண்டு ஏ போட்டு மூன்று எச் போட்ட பேரை இணையத்தில் எப்படித் தேடுவார்கள் என்று மட்டும் கேட்பேன். வழக்கமாகப் பதில் வராது.

சொல்லக்கூடிய தனிப் பேர் வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. பொருளை அப்படியே விவரிக்கிற பேருக்கு டிரேட்மார்க் வாங்குவது கஷ்டம். சுத்தமான நல்லெண்ணெய் என்பதை ஒருத்தர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது, சட்டம் அதை எல்லோருக்கும் பொதுவாகத்தான் வைத்திருக்கிறது. சம்பந்தமே இல்லாத, ஆனால் வாயில் நிற்கிற ஒரு பேர் என்றால் பதிவும் சுலபம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், பெரிய கம்பெனிக்கு 9,000. எண்ணெய் 29-ஆம் வகுப்பு, மசாலாவும் மாவும் 30. இரண்டும் விற்றால் இரண்டு கட்டணம். விண்ணப்பம் தேறினால் டிரேட்மார்க் ஜர்னலில் போடுவார்கள், அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாராவது ஆட்சேபிக்கலாம், எல்லாம் முடிந்து பதிவானால் பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பித்த கையோடு வட்டத்துக்குள் ஆர் போட்டு லேபிள் அடிக்கச் சொல்கிறார்கள், அது கூடாது, பதிவான பிறகுதான். அதுவரைக்கும் டிஎம் போட்டுக்கொள்ளலாம்.

இனி என் வேலைக்கு வருகிறேன். எண்ணெய் பாட்டிலுக்குச் சாதாரண பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். முதல் வாரம் பளிச்சென்று இருக்கும். வீட்டில் மூடி திறந்து ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே வழியும், அது லேபிள் விளிம்பில் இறங்கும், பேப்பர் அதைக் குடித்துக் கண்ணாடி மாதிரி ஆகும், மஞ்சள் நிறத்தில் எழுதியிருந்த உங்கள் பேர் அதோடு காணாமல் போகும். பாட்டில் பாதி தீர்வதற்குள் அந்த வீட்டில் அது பேர் இல்லாத எண்ணெய். அடுத்த தடவை வாங்கப் போகிறவர் எதைப் பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வார்? பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கொஞ்சம் விலை கூட, மேலே லேமினேஷன் போட்டால் இன்னும் கூட, பரவாயில்லை, லோகோவில் மிச்சம் பிடித்து அதில் போடுங்கள். பேரை மூடிக்குப் பக்கத்தில் வைக்காமல் இறக்கி வையுங்கள், கடைகளில் முன்னால் ஒரு கம்பியோ பட்டையோ மறைக்கும் என்பதால் ரொம்ப இறக்கியும் வைக்காதீர்கள். வெயில் படுகிற கடை வாசலில் சிவப்பு மை சீக்கிரம் வெளுக்கும். மசாலாக்காரர்கள் எல்லோரும் சிவப்புதான் கேட்கிறார்கள், என்ன செய்ய.

பிரிண்ட் போட்ட பவுச்சும் ஆரம்பத்தில் வேண்டாம். ஒவ்வொரு கலருக்கும் ஒரு அச்சு சிலிண்டர் வெட்ட வேண்டும், அதற்கு மேல் கிலோக் கணக்கில் மினிமம் ஆர்டர் கேட்பார்கள். விலை மாறினாலோ விலாசம் மாறினாலோ அவ்வளவு பவுச்சும் மூட்டையாக வீட்டில் கிடக்கும். பிளெயின் பவுச் வாங்கி நல்ல ஸ்டிக்கர் ஒட்டுங்கள், வியாபாரம் ஓட ஆரம்பித்த பிறகு பார்க்கலாம்.

லேபிளைவிடப் பெரிய விஷயம் ஒன்று உள்ளே இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மிளகாய் விலை ஏறும். குண்டூர் சன்னம் போட்டு அரைத்துக்கொண்டிருந்தவர் மார்க்கெட்டில் அந்த வாரம் எது மலிவோ அதைப் போடுவார், இல்லை கலருக்காக பேடகி மிளகாய் கொஞ்சம் கூட்டுவார். காரமும் மாறும், குழம்பின் நிறமும் மாறும். வாங்குகிறவர் போன் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டார். பேசாமல் வேறு பாக்கெட்டுக்குப் போய்விடுவார், அதோடு உங்கள் பேரும் அவர் வாயிலிருந்து போய்விடும். விலையை ஐந்து ரூபாய் ஏற்றிவிட்டு அதே மிளகாயைப் போடுவது எவ்வளவோ மேல். விலை ஏறியதற்கு மக்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் வாங்குவார்கள், அவர்களும் மார்க்கெட்டுக்குப் போகிறவர்கள்தானே.

விளம்பரமே வேண்டாம், சரக்கு நன்றாக இருந்தால் போதும் என்று ஒரு கட்சி இருக்கிறது. அவர்களுக்கு எப்போதும் கைவசம் இருக்கும் உதாரணம் திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா. நான் மறுக்கவில்லை, அல்வா அப்படித்தான். ஆனால் அந்தக் கடை நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. சாயங்காலம் கோயிலுக்கு வருகிற ஊரே அந்த வழியாகத்தான் போக வேண்டும், கடை திறப்பதும் அந்தச் சில மணி நேரம் மட்டும்தான், திறக்கிற நேரத்தில் நிற்கிற கூட்டத்தைவிடப் பெரிய போர்டு என்ன வைக்க முடியும்? ஊருக்கு வெளியே ஷெட் போட்டு அரைக்கிறவருக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

எனக்குப் பிடித்த உதாரணம் பொவொண்டோ கூல்டிரிங்ஸ். 1916-ல் விருதுநகரில் ஆரம்பித்த காளிமார்க் கம்பெனியோடது. வெளிநாட்டுக் கோலாக்கள் வந்து கடைக்குக் கடை ஃப்ரிட்ஜ் கொடுத்து, போர்டு எழுதிக் கொடுத்து, கிரிக்கெட் வீரர்களை வைத்து விளம்பரம் செய்தபோது உள்ளூர் கலர் சோடாக் கம்பெனிகள் எத்தனையோ காணாமல் போயின. பொவொண்டோ தென் மாவட்டங்களில் விடாமல் இருந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து கோக், பெப்சி விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. கடைகளில் இடம் காலியானது. அப்போது கடைக்கு வந்தவர்கள் ஏதாவது ஒரு உள்ளூர் கூல்டிரிங்ஸ் குடுங்க என்று கேட்கவில்லை, பொவொண்டோ இருக்கா என்று கேட்டார்கள். அந்தப் பேரை 2017-ல் யாரும் உண்டாக்கவில்லை, கல்யாண வீட்டிலும் பஸ் ஸ்டாண்ட் கடையிலும் பல வருஷமாகப் புழங்கிய பேர். வாய்ப்பு வந்த அன்றைக்கு அது தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

இன்ஸ்டாகிராமை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்தாயிரம் ரூபாய் கட்டி ரீலை பூஸ்ட் போட்டு, அதாவது விளம்பரமாக ஓடவிட்டுக் காஞ்சிபுரத்திலும் ஓசூரிலும் ஆள் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்படுகிறவரின் சரக்கு அவர் ஊர்க் கடை மூன்றில்தான் இருக்கும். பார்த்தவர் எங்கே போய் வாங்குவார்? மசாலா, எண்ணெய் வாங்கும் முடிவை எடுக்கிற வீட்டு அம்மாக்கள், நான் பார்த்த வரைக்கும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் அதிகம் இருக்கிறார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் கேட்லாக் போடக் காசு இல்லை, கூகுள் மேப்பில் கடையை ஏற்றவும் காசு இல்லை, இந்த இரண்டையும் முடிக்காமல் பூஸ்ட் போடுவது எனக்குப் புரிவதில்லை. அதே பத்தாயிரத்துக்கு ஐம்பது கிராம் சாம்பிள் பாக்கெட் அடித்து, பெரிய பாக்கெட்டில் இருக்கிற அதே கலர், அதே எழுத்து, மாற்றாமல் போட்டு, உங்கள் சரக்கு இருக்கிற கடைகளைச் சுற்றியுள்ள தெருக்களில் கொடுங்கள். கொடுக்கும்போது பேரை வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்து. கொடுத்த வாரத்தில் அந்தக் கடைகளில் சரக்கு தீராமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு, ஏனென்றால் பேர் சொல்லிக் கேட்டு வந்தவரிடம் கடைக்காரர் "அது இல்லை, இது இருக்கு" என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் நீங்கள் கொடுத்த சாம்பிள் அந்த இன்னொரு கம்பெனிக்குத்தான் உதவும்.