அரியர் வைத்தவளின் நாட்குறிப்பு

2024 ஜூலை 21, ஞாயிறு

பீரோவிலிருந்து மார்க்ஷீட்டுகளை எடுத்துக் கட்டிலில் பரப்பினேன். ஆறு செமஸ்டருக்கு எட்டு ஷீட். கூடுதலாக உள்ள இரண்டும் அரியர் எழுதியவை. பி.எஸ்சி. நுண்ணுயிரியல், 57 சதவீதம். பயோஸ்டாடிஸ்டிக்ஸில், அதாவது உயிரியல் புள்ளியியலில், இரண்டு முறை விழுந்து மூன்றாவது முறை 41 வாங்கித் தப்பித்தேன்.

இந்த லட்சணத்தில் எம்.பி.எச். படிக்க ஆசை. அதாவது பொது சுகாதாரத்தில் முதுகலை. பல பாடத்திட்டங்களில் ஐந்து அடிப்படைப் பாடங்கள் இருக்கின்றன: பயோஸ்டாடிஸ்டிக்ஸ், நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல் சுகாதாரம், சுகாதாரக் கொள்கையும் நிர்வாகமும், சமூக நடத்தை அறிவியல். முதலில் நிற்பது எது என்று பார்த்தீர்களா? விழுந்த குழியிலேயே வீடு கட்டப் போகிறேன்.

நம் நாட்டில் பல இடங்களில் எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ்., நர்சிங் முடித்தவர்களுக்குத்தான் முதலிடம். அமெரிக்காவில் எந்த டிகிரிக்காரர்களையும் எடுக்கும் கல்லூரிகள் நிறைய. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘சோபாஸ்’ என்ற ஒரே தளத்தில் விண்ணப்பித்துவிடலாம். முதுகலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வையும் பல கல்லூரிகள் இப்போது கேட்பதில்லை. பணம்? அதை இன்றைக்கு யோசிக்கப் போவதில்லை.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளத்தில் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் சேர்ந்தேன். ஐ.ஐ.டி.காரர்கள் நடத்தும் பாடம், பார்ப்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் 1000 ரூபாய். பழைய 41-ஐ அழிக்க முடியாது. அதன் பக்கத்தில் வைக்கப் புதிதாக ஒரு எண் வேண்டும்.

வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபிலிருந்து வர ஏழரை ஆகிவிடுகிறது. பெருந்துறை பஸ்ஸில் சீட் கிடைத்தால் ஒரு வீடியோ, நின்றால் இல்லை.

2024 செப்டம்பர் 18, புதன்

லீவு போட்டு டிரான்ஸ்கிரிப்ட், அதாவது எல்லா மதிப்பெண்களும் அடங்கிய சான்று, வாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நம் மதிப்பெண்களை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றி எடைபோடும் ‘வெஸ்’ நிறுவனத்துக்குப் பல்கலைக்கழகமே உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் சீலும் வைத்து நேரடியாக அனுப்ப வேண்டும். கவுன்டரில் இருந்தவர் “கையிலயே வாங்கிட்டுப் போங்கம்மா, எதுக்கு வெட்டியா தபால் செலவு” என்றார். நல்ல மனசுதான். விளக்கிச் சொல்ல அரை மணி நேரம் ஆனது.

2024 அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. அப்பா தறிக்குப் பொட்டு வைத்துப் பொரி கடலை படைத்தார்.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். என் பழைய பேராசிரியருக்குப் போன் செய்தேன். நல்லவர். “நீயே எழுதிட்டு வாம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்” என்றார். இல்லைங்க சார், உங்கள் மெயிலுக்கே இணைப்பு வரும், நீங்கள்தான் ஏற்ற வேண்டும் என்றேன். சற்று நேரம் சத்தமில்லை. “மெயிலெல்லாம் நம்ம டி.டி.பி. கடைக்காரர்தான் பாப்பாரு.”

அப்புறம் அவரே, “நீதானே ஸ்டாட்டிஸ்டிக்ஸ்ல ரெண்டு தடவை போனது?” என்றார். ஏழு வருடம் கழித்தும் நினைவிருக்கிறது! ஆமாங்க சார் என்றேன். அதையும் எழுதச் சொன்னேன். விழுந்தவள் மூன்றாவது முறையும் வந்து உட்கார்ந்தாள் என்று பார்த்தவர் அவர்தானே. அந்தப் பாடத்தில் 90 எடுத்தவளைப் பற்றி அவர் என்னத்தை எழுதிவிட முடியும்?

மற்ற இரண்டு கடிதங்களை லேப் பொறுப்பாளர் அக்காவும் எங்கள் ஹெச்.ஐ. (சுகாதார ஆய்வாளர்) சாரும் தருவார்கள்.

2024 நவம்பர் 7, வியாழன்

சூரசம்ஹாரம். மலையடிவாரம் முழுக்கக் கூட்டம், தெருவெல்லாம் கந்த சஷ்டி கவசம். நான் கதவைச் சாத்திக்கொண்டு, ஏன் படிக்க வருகிறேன் என்று கல்லூரிக்குச் சொல்லும் நோக்க அறிக்கையோடு மல்லுக்கட்டினேன். இது நான்காவது வரைவு.

முதல் வரைவில் நொய்யல் ஆற்றை எழுதியிருந்தேன். 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, பாசனத் தண்ணீருக்குப் பதில் அதில் தேங்கிய சாயக்கழிவு, 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன உயர் நீதிமன்றம். எல்லாம் உண்மை. ஆனால் எல்லாம் நான் படித்தது. அந்தத் தண்ணீரை ஒரு சோதனைக் குழாயில்கூட நான் பிடித்ததில்லை. அழித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில் அப்பாவின் சிக்குன்குனியா. நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அவருக்கு வந்தது. காய்ச்சல் ஒரு வாரத்தில் போய்விட்டது, மூட்டுவலி ஏழெட்டு மாதம் போகவில்லை. தறிக்குழியில் காலை இறக்கி மிதிக்க முடியவில்லை. நான் சிப்காட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு அரை ஷிப்ட் போனேன். அந்த செமஸ்டரில்தான் முதல் அரியர். “அன்றே பொது சுகாதாரமே என் வழி என்று முடிவு செய்தேன்” என்று எழுதிப் பார்த்தேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கொசு மேல் கோபம் வரவில்லை, அப்பா மேல்தான் வந்தது. இரண்டாவது முறை பெயிலானபோது அப்பா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். அது முழுக்க நான் படிக்காததால் வந்தது.

ஆக மதிப்பெண்ணுக்கு மூன்றே வரி. முதல் அரியர் இதனால், இரண்டாவது என்னால், அதன் பிறகு நான் செய்தது இது. மன்னிப்பும் கேட்கவில்லை, இரக்கமும் கேட்கவில்லை. மிச்ச இரண்டு பக்கமும் போன வருடம் நடந்ததற்கு.

போன மழைக்காலத்தில் லேபுக்கு வந்த டெங்கு ரத்த மாதிரிகளை, அக்காவிடம் கேட்டுக்கொண்டு, பெயர் எதுவும் இல்லாமல் தெருவாரியாக ஒரு நோட்டில் எண்ணிவைத்தேன். ஒரே பகுதியின் மூன்று தெருக்களில் குவிந்தது. ஹெச்.ஐ. சாரிடம் காட்டினேன். பணியாளர்கள் அங்கே தொட்டி, டிரம் எல்லாம் பார்த்து முடித்திருந்தார்கள். அப்புறமும் ஏன்? ஒரு சனிக்கிழமை அவரோடு போனேன். பூட்டிக் கிடந்த தறிக்கூடங்கள். பவர்லூமுக்குப் போனவர்கள் கைத்தறியை விட்டுவிட்டார்கள். ஓடு உடைந்து, மழைத் தண்ணீர் குழித்தறியின் குழிக்குள் முழங்கால் அளவு நிற்கிறது. டார்ச் அடித்தால் புழு நெளிகிறது. ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது தெளிந்து தேங்கிய தண்ணீர்தான். பூட்டிய வீட்டுக்குள் தறிக்குழி என்று ஒன்று இருக்கும் என்பது நெசவாளி வீட்டுப் பெண்ணுக்குத்தான் தோன்றும். சாவி தேடிப்பிடித்து, புழுவைக் கொல்லும் அபேட் மருந்து ஊற்றி, பிறகு மண் போட்டு மூடினோம்.

அதன் பிறகு மாதிரிகள் குறைந்தன. எங்களால்தான் என்று எழுதவில்லை. மழையும் அப்போது நின்றிருந்தது. மருந்தா, மழையா என்று எப்படிப் பிரித்துச் சொல்வது? அதைக் கற்றுக்கொள்ளத்தான் வருகிறேன் என்று முடித்தேன்.

காலரா தண்ணீரால் பரவுகிறது என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவும் 1854 லண்டன் காலராவும் எல்லோருடைய அறிக்கையிலும் இருக்குமாம். என்னுடையதில் இல்லை.

சாப்பிடும்போது அப்பா, “ஏங்கண்ணு, பெயிலானதை அவ்வளவு தூரம் போயிச் சொல்லோணுமா?” என்றார். “சொல்லாட்டி மார்க்ஷீட்டுல இல்லாமப் போயிருமாக்கும்” என்றாள் அம்மா.

2024 நவம்பர் 26, செவ்வாய்

வெஸ் முடிவு வந்தது. நான்குக்கு 2.93. ஊரில் 57 என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். அங்கே கணக்கில் அது ‘பி’க்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. மூன்று வருட டிகிரியை அவர்களுடைய நான்கு வருடத்துக்குச் சமமாக எடுத்துக்கொள்ள, பல்கலைக்கழகத்துக்கு, கல்லூரிகளுக்குத் தரம் போடும் ‘நாக்’ அமைப்பின் ஏ தரமும் நமக்கு முதல் அல்லது இரண்டாம் வகுப்பும் வேண்டும். நான் தூற்றிய அந்த இரண்டாம் வகுப்புதான் காப்பாற்றியது.

ஆனால் பல கல்லூரிகளில் குறைந்தபட்சம் 3.0. இந்த 0.07-ஐ நினைத்து ராத்திரி தூங்கவில்லை. என்.பி.டி.இ.எல்.-இல் 78.

2024 டிசம்பர் 14, சனி

நான்கு கல்லூரிகளுக்கு அனுப்பினேன். 3.0-க்குக் கீழே இருந்தால் பார்க்கவே மாட்டோம் என்று சொல்லும் இடங்களைத் தவிர்த்தேன், முழு விண்ணப்பத்தையும் படிப்போம் என்பவர்களுக்கு மட்டும். பேராசிரியர் கடைசி நாளுக்கு முந்தைய நாள் டி.டி.பி. கடையில் உட்கார்ந்து தானே ஏற்றினாராம்.

2025 பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். காவடிச் சத்தத்துக்கு நடுவே போனில் பார்த்தேன். இரண்டு இடத்தில் இல்லை. ஒன்றில் பதில் இல்லை. ஒன்றில் வீடியோ நேர்காணலுக்கு அழைப்பு.

2025 மார்ச் 6, வியாழன்

கிடைத்துவிட்டது.

நேர்காணலில் அந்த அம்மா பயோஸ்டாடிஸ்டிக்ஸ் பற்றி ஒரே கேள்விதான் கேட்டார். மிச்ச நேரமெல்லாம் தறிக்குழி எவ்வளவு ஆழம், ஏன் குழிக்குள் உட்கார்ந்து நெய்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அப்பாவின் தறியைக் காட்டினேன். அப்பா எழுந்து நின்று கும்பிட்டார்.

உதவித்தொகை கொஞ்சம்தான். விசாவுக்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தை வாங்க முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒன்றரை ஏக்கர் காட்டின் பட்டாவை அப்பா எடுத்து டீவி மேல் வைத்திருக்கிறார். காலையிலிருந்து இரண்டு முறை அதை பீரோவுக்குள் வைத்துவிட்டேன். மறுபடியும் டீவி மேல் இருக்கிறது. திங்கட்கிழமை வங்கிக்குப் போகலாம் என்கிறார். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.