96 ஃபிரேமில் ஒரு யாளி

என் நாவலின் இருபதாம் அத்தியாயத்தில் கோவில் யாளி தூணைவிட்டு இறங்க வேண்டும். மூன்று மாதமாக இறங்க மறுத்தது. 'கல் உயிர்பெற்றது', 'கண்கள் கனன்றன' என்று எழுதுவதும் அடிப்பதுமாகப் பொழுது போனது. விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து ஏழு வரை எழுதுவது என் வழக்கம், அதன்பின் அலுவலகம். அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு வரிகூடத் தேறாத நாட்கள் அடுக்கடுக்காக வந்தபோதுதான், யாளியைக் கையால் செய்து இறக்கியே பார்த்துவிடுவோம் என்று துணிந்தேன்.

பழைய படங்களின் தந்திரக் காட்சிகள் மீது எனக்குப் பைத்தியம் உண்டு. 'மாயா பஜார்' (1957) படத்தில் கடோத்கஜனாக வரும் ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்துபோகுமே, அதைத் தொலைக்காட்சியில் பார்த்த வயதில் பிடித்தது. பிறகு ஹாலிவுட்டின் தந்திரக் காட்சிக் கலைஞர் ரே ஹாரிஹவுசன். 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோநாட்ஸ்' படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் மூன்று பேருடன் வாள்சண்டை போடும். அந்தச் சில நிமிடச் சண்டைக்காக மனிதர் நான்கு மாதத்துக்கு மேல் உட்கார்ந்து, பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு ஃபிரேமாக, அதாவது ஒவ்வொரு அசையாப் படமாக, எடுத்திருக்கிறார். நாவல் எழுதுகிறவனுக்கு இந்த வேகம் புதிதல்ல.

முதல் வாரம் எலும்பு வேலை. 2 மி.மீ. அலுமினியக் கம்பியை இரண்டு இழையாக முறுக்கி முதுகுத்தண்டும் கால்களும் செய்தேன். மடங்கக் கூடாத இடங்களில் எம்-சீல் பூசினேன். மேலே காயாத எண்ணெய்க் களிமண். நீளம் 18 செ.மீ., சிங்க உடல், யானைத் துதிக்கை. நான்காம் நாளே வலது தோளில் கம்பி ஒடிந்தது. ஒரே இடத்தில் மடக்கி மடக்கி நிமிர்த்தினால் அலுமினியம் தாங்காது என்பது அப்போதுதான் உறைத்தது. மதுரையின் மே மாத வெக்கையில் களிமண்ணும் இளகித் துதிக்கை தொங்கிப்போனது. யாளியைக் குளிர்சாதனப் பெட்டியில் தோசைமாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அதற்கு வீட்டில் கிடைத்த அர்ச்சனையை இங்கே எழுதப்போவதில்லை.

இரண்டாம் வாரம் முழுவதையும் பாதம் தின்றது. பொம்மையைச் சும்மா பலகைமேல் நிறுத்தினால், முன்காலை நகர்த்தும்போது பின்கால் வழுக்கும். அதனால் ஒவ்வொரு பாதத்துக்குள்ளும் ஒரு நட்டைப் புதைத்து, ஒட்டுப்பலகையில் வரிசையாகத் துளையிட்டு, அடியிலிருந்து திருகாணி முடுக்கினேன். ஒரு அடி எடுத்துவைக்க வேண்டுமென்றால் மேசைக்கடியில் புகுந்து திருகாணியைக் கழற்ற வேண்டும், காலை நகர்த்த வேண்டும், மறுபடி புகுந்து முடுக்க வேண்டும். இடுப்பு விட்டுப்போயிற்று.

வினாடிக்கு 12 ஃபிரேம் என்று கணக்கு. எட்டு வினாடிக் காட்சிக்கு 96. முதல் 36 ஃபிரேமை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்து, மூன்று வினாடி ஓட்டிப் பார்த்தேன். வெளிச்சம் மின்னி மின்னிக் குதித்தது: ஜன்னலுக்கு வெளியே மேகம் போயிருக்கிறது, கைபேசி தன் இஷ்டத்துக்கு வெளிச்ச அளவை மாற்றியிருக்கிறது, போதாததற்கு என் வெள்ளைச் சட்டை வேறு ஒளியை வாரியடித்திருக்கிறது. ஜன்னலை அடைத்து, இரண்டே பல்புகளை வைத்து, கேமரா அமைப்பைப் பூட்டி, கறுப்புச் சட்டைக்கு மாறியதும் அது தீர்ந்தது.

தீராத சிக்கல் வேறு. கல் யாளி, ஆனால் கனமே இல்லை. "அப்பா, இது பலூன் யாளியா?" என்றாள் மகள். கேட்ட கேள்வி நியாயம்தான். எல்லா ஃபிரேமிலும் காலை ஒரே அளவு நகர்த்தியிருந்தேன். கனமான எதுவும் அப்படி நடக்காது. வலது காலைத் தூக்குவதற்கு முன்பே உடல் இடப்பக்கம் சாய்ந்து பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கால் மெல்லக் கிளம்பி, இறங்கும்போது சட்டென்று விழ வேண்டும். விழுந்தபின் தோள் ஒருமுறை அமுங்கி நிமிர வேண்டும். இதையெல்லாம் நானே கூடத்தில் நாலு காலில் தவழ்ந்து பார்த்துத்தான் கற்றேன்.

அன்றிரவு கையெழுத்துப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். பதினோரு வடிவங்களில் ஒன்றில்கூட, யாளி எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தது என்று இல்லை. கனல் கண்கள் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தன.

மண்டபத்தில் தொங்கும் விளக்கு லேசாக ஆட வேண்டும் என்றும் ஓர் ஆசை. இதற்கு பாபுபாய் மிஸ்திரியின் வழியைப் பிடித்தேன். 1937இல் 'க்வாப் கி துனியா' இந்திப் படத்துக்காகப் பொருள்களைக் கறுப்பு நூலில் கட்டி அந்தரத்தில் நடமாட விட்டவர். 'காலா தாகா', அதாவது கறுப்பு நூல் என்றே அவருக்குப் பட்டப்பெயர் விழுந்தது. பின்னால் கறுப்புத் துணி, முன்னால் கறுப்புத் தையல் நூல். செலவு பத்து ரூபாய்க்குள். மொத்த வேலையில் முதல் முயற்சியிலேயே சரியாக வந்தது இது ஒன்றுதான்.

இனி ஓர் உருண்டையின் கதைக்கு வருகிறேன். சில கோவில்களில் யாளியின் வாய்க்குள் ஒரு கல் உருண்டை கிடக்கும். வாயைக் குடையும்போதே உள்ளே விட்டுச் செதுக்கியது. விரலை விட்டு உருட்டலாம், வெளியே எடுக்க முடியாது. என் யாளிக்கு ஒரு கொண்டைக்கடலையைச் சாம்பல் வண்ணம் பூசிப் போட்டிருந்தேன். அதை நகர்த்தும் திட்டமே எனக்கில்லை. ஆனால் பொம்மையைத் தொடும் ஒவ்வொரு முறையும் கடலை தானாகக் கொஞ்சம் உருண்டிருக்கிறது. புதிதாக எடுத்த 65 ஃபிரேமை ஓட்டியபோது, யாளி இறங்குவதற்கு முன்பே எதையோ வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தது. மகள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

'கிங் காங்' (1933) ஞாபகம் வந்தது. பொம்மையை நகர்த்தியவர்களின் விரல் பட்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் குரங்கின் முடி கலைந்தது. திரையில் பார்த்தவர்களுக்கு அது கோபத்தில் முடி சிலிர்ப்பதாகத் தெரிந்தது. வில்லிஸ் ஓ'பிரையனின் குழு அதைத் திட்டமிடவில்லை. நானும்தான்.

மறுநாள் விடிகாலை இருபதாம் அத்தியாயத்தைப் புதிதாகத் தொடங்கினேன். யாளி முதல் பத்தியில் இல்லை. கோவில் காவல்காரர் தூங்கப் போகிறார், இருட்டில் கல்லின்மேல் கல் உருளும் சத்தம், எலி என்று நினைத்துச் சூ கொட்டுகிறார், சத்தம் நிற்கிறது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி உருள்கிறது, இந்த முறை சற்றுக் கீழே இருந்து. ஏழு மணிக்குள் இரண்டரைப் பக்கம்.

இன்னும் 31 ஃபிரேம் பாக்கி. நேற்று வால் ஒடிந்துவிட்டது. இந்த முறை மூன்று இழைக் கம்பி போடப்போகிறேன். யாளி இடது காலைத்தான் முதலில் ஊன்றுகிறது.