விடிந்தும் முடியாத பேக்கப்

கிருஷ்ணகிரிக்கு அருகே உள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் சர்வர்களை நான் பராமரித்து வருகிறேன். பெங்களூரா மாங்காய் வரத்து உச்சத்தில் இருந்த ஜூன் மாதத்தில், இரவு 10 மணிக்குத் தொடங்கும் 42 ஜிபி பேக்கப், காலை 6 மணிக்கு எடைமேடையில் முதல் லாரி ஏறிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தது. ரசீது அடிக்க வேண்டிய திரை அசையாமல் நிற்க, இரவெல்லாம் லோடு ஏற்றி வந்த விவசாயிகள் காத்துக் கிடந்ததைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

முதலில் ஹார்டு டிஸ்க்கைச் சந்தேகித்து இரண்டு நாள்களை வீணாக்கினேன். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அனுப்பிய பிங் ஒன்றுகூடத் தவறாமல் திரும்பி வந்ததால் நெட்வொர்க் மீது ஐயமே எழவில்லை. மூன்றாம் நாள், நெட்வொர்க் கார்டின் நிலையைச் சொல்லும் எத்டூல் கட்டளையை ஓட்டியபோதுதான், கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கார்டு 100 எம்பிபிஎஸ், ஹாஃப் டூப்ளெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு திசையில் மட்டும் டேட்டா போகும் முறை) என்று காட்டியது. பேக்கப் ஓட ஓட, லேட் கொலிஷன் (ஃபிரேம் எனும் டேட்டாத் துண்டை அனுப்பத் தொடங்கித் தாமதமாக நேரும் மோதல்) எண்ணிக்கை என் கண்முன்னே ஏறியது. சுவிட்சிலோ, சர்வர் கேபிள் செருகியிருந்த போர்ட்டில் எஃப்சிஎஸ் பிழைகள் (சிதைந்து வந்த ஃபிரேம்கள்) குவிந்திருந்தன.

சீசனுக்கு முன் ரேக்கைச் சுத்தம் செய்தபோது, சர்வருக்குப் புதிய கேபிள் ஒன்றை கிரிம்ப் செய்து (முனை பொருத்தி) சுவிட்சின் வேறொரு போர்ட்டில் செருகியிருந்தோம். அந்தப் போர்ட்டை யாரோ முன்பே 100 எம்பிபிஎஸ், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு திசையிலும் ஒரே நேரத்தில் டேட்டா போகும் முறை) என்று பூட்டி வைத்திருந்தார்கள். அப்படிப் பூட்டிய போர்ட், வேகத்தையும் டூப்ளெக்ஸையும் இரு பக்கமும் தாமே முடிவுசெய்யும் பேச்சுவார்த்தைக்கே (ஆட்டோ நெகோஷியேஷன்) பெரும்பாலும் வராது. எதிரில் ஆட்டோவில் இருக்கும் கார்டு, சிக்னலைப் பார்த்து வேகத்தைக் கண்டுகொள்ளும். டூப்ளெக்ஸை அறிய வழியில்லாததால், விதிப்படி ஹாஃப் என்று கொள்ளும். சுவிட்ச் எந்நேரமும் அனுப்பும். சர்வர் அதை மோதல் என்று எண்ணித் தன் ஃபிரேமைப் பாதியில் நிறுத்தும். ஒன்றிரண்டு சிறு பாக்கெட்டுகள் மட்டுமே போகும் பிங்கில் இது தெரியாது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் டேட்டா பாயும் பேக்கப்பில்தான் வெளிப்படும்.

தற்காலிகமாகச் சர்வரையும் 100 ஃபுல் என்று மாற்றியதும் பிழைகள் நின்று, பேக்கப் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் எடுத்தது. அதோடு விட எனக்கு மனமில்லை. செம்புக் கம்பிவழி கிகாபிட் இணைப்பான 1000பேஸ்-டிக்கு ஆட்டோ நெகோஷியேஷன் கட்டாயம் என்பதால், இரு பக்கத்தையும் ஆட்டோவுக்குத் திருப்பினேன். இதைத் தொலைவிலிருந்து செய்தால் இணைப்பு அறுந்து, சர்வர் கைக்கு எட்டாமல் போகலாம். ஆகவே ரேக் அருகிலேயே கீபோர்டை மாட்டி நின்றுகொண்டு செய்தேன்.

டூப்ளெக்ஸ் ஃபுல் ஆனது. வேகம் 100-ஐத் தாண்டவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100-க்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகளே போதும். கேபிளின் ஆர்ஜே-45 முனையை விளக்கில் பிடித்துப் பார்த்தேன்: எட்டாவதான பழுப்புக் கம்பி முனைவரை செல்லாமல், செம்புத் தகட்டுக்கு ஒரு நூலிழை முன்பே நின்றிருந்தது. முனையை வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்ததும் 1000, ஃபுல் என்று வந்தது. அன்றிரவு பேக்கப் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது.

மறுநாள் மற்ற போர்ட்டுகளையும் பார்த்ததில், இன்னும் இரண்டு அதேபோலப் பூட்டப்பட்டிருந்தன. அவற்றையும் ஆட்டோவுக்கு மாற்றினேன்.