எனக்கு மட்டும் ஏன் கூவலை?

2004 மே 10, நாடாளுமன்றத் தேர்தல். பிரிசைடிங் ஆபீசர், அதாவது வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் டியூட்டி பார்த்தவர்களுக்குக் காலை பதினொரு மணிக் கூட்டம் எப்படியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நேரத்தில்தான் ஆயா வந்தார். வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்குக் கீழே ஏற்கெனவே சிவப்புக் கோடு, அதாவது ஓட்டுப் போட்டாயிற்று என்று அடையாளம். விரலிலோ மை இல்லை. “எங்க ஊர் ஆயாதான் சார், இப்பதான் வருது” என்று கட்சி ஏஜென்டுகள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். மற்ற விஷயங்களில் அவர்களுக்குள் அந்த ஒற்றுமை கிடையாது.

தன் பெயரில் ஏற்கெனவே ஓட்டுப் பதிவாகிவிட்டவர் வந்தால் விதியில் குழப்பமில்லை: ஆய்வுக்குரிய வாக்கு. நாங்கள் டெண்டர் ஓட்டு என்போம். ஓட்டு விழுந்ததும் கூவுகிற மெஷின் கிடையாது, காகிதச் சீட்டு, முத்திரை, 17பி படிவத்தில் கைநாட்டு, அப்புறம் கவர். எண்ணும் நாளில் அந்தக் கவரைப் பிரிக்க மாட்டார்கள். கோர்ட் கேட்டால்தான் உண்டு.

சீட்டை மடித்து என் கையில் கொடுத்த ஆயா நகரவில்லை.

“எல்லாருக்கும் கூவுச்சே சாரு, எனக்கு மட்டும் ஏன் கூவலை?”

“இது வேற மாதிரி ஓட்டு ஆயா. இதுவும் சேரும்.”

சேரும். கவரில் சேரும்தானே, அது பொய்யில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெயிலில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. உண்மையைச் சொல்லியிருந்தால் ஏஜென்டுகள் எழுந்திருப்பார்கள், பூத் நின்றிருக்கும். இதுவும் நிஜம்தான்.

சாயங்காலம் சீல் வைக்கும்போதுதான் பார்த்தேன். அதே பக்கம், நாலு வரி கீழே, அதே பெயர், கணவர் பெயர் மட்டும் வேறு. அங்கே கோடு இல்லை. முதல் அலுவலரின் கண் வரி தவறியிருக்கலாம். அந்த இன்னொரு அம்மா ஓட்டுப் போடவே வராமல் இருந்திருக்கலாம். ஓட்டுப் போடுகிறவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேட்டைப் புரட்டினேன், இருந்தது ஒரு கைநாட்டு. அதை வைத்து நான் என்ன சொல்ல? முதல் அலுவலரிடமும் கேட்கவில்லை. காலையிலேயே பார்த்திருந்தாலும் டெண்டர் ஓட்டுதான் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் பார்க்கவில்லையே.

மே 13-இல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும், புதுச்சேரியும் ஒரே பக்கம் சாய்ந்தன. வாஜ்பாய் ராஜினாமா செய்தார். ஸ்டாஃப் ரூமில் ஆளுக்கொரு கணக்குப் போட்டார்கள். எங்கள் தொகுதியில் வித்தியாசம் லட்சத்துக்கு மேல். அதைக் கேட்டதும் எனக்கு வந்தது நிம்மதிதான், இப்போது அதுதான் உறுத்துகிறது. 2008-இல் ராஜஸ்தானில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகளும் பேச்சுக்கு வந்தன. செய்தியை இரண்டு தடவை படித்தேன்.

பின்னாளில் தேர்தல் பயிற்சி வகுப்பு எடுக்க என்னையே போட்டார்கள். 17பி-யை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் ஆசிரியை எழுந்து, “இதை எண்ணுவீங்களான்னு அவங்க கேட்டா என்ன சார் சொல்றது?” என்றார்.

“விதிப்படி விளக்கிச் சொல்லுங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த படிவத்துக்குப் போனேன்.